இடம் மாறிய இரண்டு எண்கள்

எங்கள் கிளையில் வாடிக்கையாளர்கள் உட்கார மூன்று பேருக்கான இரும்பு நாற்காலி வரிசை ஒன்று சுவரோரமாக இருந்தது. ஆடி மாதத்துக் காலை ஒன்றில் அதன் ஒரு ஓரத்தில் வைதேகி உட்கார்ந்திருந்தார். நடு இடத்தில் அவருடைய கைப்பை. மறு ஓரத்தில் தனலட்சுமி.

வைதேகி மயிலாப்பூரில் வீணை சொல்லிக் கொடுப்பவர். அறுபதை ஒட்டிய வயது. இஸ்திரி போட்ட பருத்திப் புடவைதான், ஆனால் கொசுவம் அவசரத்தில் செருகப்பட்டிருந்தது. அழுது மூக்கு சிவந்திருந்தது.

தனலட்சுமி நொச்சிக்குப்பத்துக்காரர். சின்ன லோடு வண்டி ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போய், மீனை ஐஸ் பெட்டியில் ஏற்றி வந்து, சாலையோரக் கடைக்காரப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர். அன்று வியாபாரத்தை முடித்து, குளித்து, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் வைதேகியின் பணம் முந்தின நாள் சாயங்காலம் தனலட்சுமியின் கணக்கில் போய் விழுந்திருந்தது. இது எனக்கும், தன் அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மேலாளர் டேவிட் சாருக்கும் மட்டும்தான் தெரியும்.

டேவிட் சார் விதிமுறைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் காதை அவரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தனலட்சுமி வைதேகியின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். வைதேகி தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தனலட்சுமி நடு நாற்காலிக்கு நகர்ந்தார்.

என் மேசைக்கு வந்தவை

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி, பாங்கில் நான் என்னதான் வேலை பார்த்தேன் என்று கேட்டிருக்கிறார். இத்தனை வாரம் எழுதியும் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

ஒருவர் அனுப்பிய பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. அது நடுவழியில் நின்றால், திரும்பி வந்தால், யாரோ ஒருவர் கணக்கில் புகுந்துவிட்டால், அது என் மேசைக்கு வரும். அதேபோல மாதா மாதம் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணைகள், காப்பீட்டுப் பிரீமியங்கள், சீட்டுப் பணம். பிடிக்க வேண்டிய நாளில் பிடிபடாமல் போனாலும், பிடிக்கக் கூடாத நாளில் பிடித்துவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். பலகையில் ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் எழுதியிருந்தது. கிளையில் எல்லோரும் ‘ரிட்டர்ன் டேபிள்’ என்பார்கள்.

அந்த மேசைக்கு யாரும் விரும்பிப் போக மாட்டார்கள். கடன் பிரிவில் இருந்தால் ஊரெல்லாம் வணக்கம் சொல்லும். டெபாசிட் பிரிவில் இருந்தால் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வரும். என் மேசைக்குக் கோபம்தான் வரும்.

என் அப்பாவுக்கு அது பெரிய குறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தி.நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் உள்பாவாடையும் ஜாக்கெட் துணியும் விற்றவர். மகள் பாங்கு அதிகாரி என்று பக்கத்துக் கடைகளில் சொல்லி வைத்திருந்தார். என்ன வேலை என்று ஒருநாள் விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் முகம் சுருங்கிவிட்டது. “ஏளா மீனாட்சி, திரும்பி வந்தத எண்ணுததுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்கான்?” என்றார்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது எப்போது என்று யோசித்தால், திருவான்மியூர் ஓய்வூதியக்காரர் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். அவருடைய ஓய்வூதியம் ஒரு மாதம் திரும்பிப் போய்விட்டது. காரணம் என்ற இடத்தில் ‘கணக்குதாரர் காலமானார்’ என்று இருந்தது. எங்கேயோ யாரோ காரணத்தின் எண்ணைத் தப்பாகத் தட்டியிருக்கிறார்கள். அவர் வெளுத்த வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக வந்து என் முன்னால் உட்கார்ந்தார். “நான் காலமானதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். சாட்சிக்கு மனைவியையும் கூட்டிவந்திருந்தார். அந்த அம்மாள் வாயைத் திறக்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டே நாளில் அவரை உயிர்ப்பித்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு, இந்த மேசையை விட்டுப் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். இடமாற்றம் வந்தபோதெல்லாம் எந்தக் கிளைக்குப் போனாலும் அதே வேலையைத்தான் கேட்டு வாங்கினேன். கடைசியாக வந்து சேர்ந்த கிளை ராஜா அண்ணாமலைபுரத்தில். இந்த வாரக் கதை அங்கே நடந்தது.

வைதேகி செய்தது

வைதேகியின் கணவருக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. முன்பணம் முழுவதும் அதற்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் கட்ட வேண்டும்.

மருத்துவமனை வேலைகளைக் கவனித்துக்கொண்டது வைதேகியின் தம்பி ராகவன். அவருடைய கணக்கு எங்கள் கிளையில். வைதேகியின் கணக்கு வேறு வங்கியில். வைதேகி தன் வைப்புத்தொகையை உடைத்து, தம்பியின் கணக்குக்கு அனுப்பினார். கைபேசியில் தானே அனுப்பினார். பேத்தி சொல்லிக் கொடுத்திருந்ததால் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கணக்கு எண்ணின் கடைசி இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டன. அவ்வளவுதான் நடந்தது.

இப்போதெல்லாம் பணம் அனுப்பும் முன்பே, அந்த எண் யாருடையது என்று திரையில் பெயர் காட்டுகிறார்கள். அன்று அந்த வசதி வரவில்லை. பெயர் கட்டத்தில் ராகவன் என்று எழுதினாலும் ராமாயணமே எழுதினாலும் எண் எங்கே போகச் சொல்கிறதோ பணம் அங்கே போகும். மாறிப்போன எண்ணும் எங்கள் கிளையிலேயே ஒருவருக்கு இருந்தது. தனலட்சுமிக்கு.

ராத்திரி முழுக்கத் தம்பியும் அக்காவும் மாற்றி மாற்றிப் பேசி, காலையில் கதவு திறக்கும்போதே வைதேகி வாசலில் நின்றார். நான் விவரம் கேட்டு, கணினியில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பணம் வந்திருந்தது. அதை யாரும் எடுத்துவிடாதபடி கணக்கை நிறுத்தி வைக்கலாம் என்று பார்த்தால், பாதிக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

அதை எடுத்துக்கொண்டது எங்கள் பாங்கு.

தானாகப் பிடித்தது

தனலட்சுமி அந்த லோடு வண்டியை எங்கள் கிளையில் கடன் வாங்கித்தான் எடுத்திருந்தார். மாதா மாதம் ஒரு தேதியில் அவர் கணக்கிலிருந்து தவணை தானாகப் போய்விடும். முதல் வருடம் முழுக்க ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

பிறகு சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. வண்டிக்கு ஓட்டம் குறைந்தது. தடை முடிகிற சமயத்தில் ஐஸ் கட்டி வழுக்கிக் காலில் விழுந்து, எலும்பு முறிந்து, தனலட்சுமி படுத்துவிட்டார். தவணைத் தேதியில் கணக்கில் பணம் இல்லை. இல்லாததற்கு ஒரு அபராதம். மறுபடி முயன்று மறுபடி இல்லை என்றால் இன்னொரு அபராதம். அதற்கு வரி வேறு. கால் சரியாகி அவர் மறுபடி வண்டி எடுத்தபோது, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பணத்தையெல்லாம் அந்த அபராதமே விழுங்கிக்கொண்டிருந்தது. வண்டியைத் தூக்கிப்போக வசூல்காரர்கள் குப்பத்துக்கு வந்து சத்தம் போட்டுவிட்டும் போயிருந்தார்கள்.

நிலுவை இருக்கிற கணக்கில் எப்போது பணம் வந்தாலும் தவணையைப் பிடித்துக்கொள் என்று கணினிக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். அது யாரையும் கேட்காது. முந்தின நாள் சாயங்காலம் வைதேகியின் பணம் வந்து விழுந்ததும், நிலுவைத் தவணைகளையும் அபராதங்களையும் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. தனலட்சுமியின் கைபேசிக்கு நன்றி தெரிவித்து ஒரு செய்தியும் அனுப்பியது.

எலும்பு முறிவுக்குக் காப்பீட்டுப் பணம் கேட்டு அவர் ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தார். அதுதான் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நான் காலையில் போன் செய்து, கணக்கு விஷயமாக ஒரு நடை வர முடியுமா என்று கேட்டபோது, வண்டி இனிமேல் தன்னுடையதுதான் என்று யாரோ எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்கிற மாதிரி சந்தோஷமாக வரேன் என்றார். போனில் எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொருவருடைய பணம் தவறி வந்திருந்தாலும், கணக்குக்காரர் சம்மதிக்காமல் அதை நாங்கள் எடுத்துக் கொடுக்க முடியாது. அதனால் தனலட்சுமியின் கையெழுத்து வேண்டும். அவர் மாட்டேன் என்றால் வைதேகி போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போக வேண்டியதுதான். அறுவைச் சிகிச்சை மறுநாள் காலை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

இனி அந்த நாற்காலிகளுக்கு வருகிறேன். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அன்று மத்தியானம் வைதேகி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்தில் ஒரு பெண்மணி தனியாக அழுதுகொண்டிருந்ததைத் தனலட்சுமியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “இன்னாமா ஆச்சு? எதுக்கு அழுவுற?” என்று கேட்டிருக்கிறார்.

வைதேகிக்கு யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது. கணவரின் உடம்பு, டாக்டர் சொன்ன நாள், உடைத்த வைப்புத்தொகை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். “நேத்திக்கு அனுப்பறச்சே ரெண்டு நம்பர் மாறிப் போயிடுத்து. யாரோ ஒருத்தர் அக்கவுன்ட்டுக்குப் போயிட்டதுன்னு சொல்றா. அவா யாரோ, எப்பேர்ப்பட்டவாளோ. திருப்பித் தருவாளோ மாட்டாளோ” என்றிருக்கிறார்.

தனலட்சுமி எவ்வளவு பணம் என்று கேட்டார். வைதேகி சொன்னார்.

அந்த நேரத்தில்தான் நான் கண்ணாடி வழியாக நன்றாகக் கவனித்தேன். தனலட்சுமி இடுப்பில் செருகியிருந்த கைபேசியை எடுத்தார். ஏதோ ஒரு செய்தியைத் திறந்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை அணைத்து மறுபடி இடுப்பில் செருகினார். காலை நீட்டி, முறிந்து சேர்ந்த இடத்தைக் கையால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டார். வரும்போது முகத்தில் இருந்த சந்தோஷம் இப்போது இல்லை.

“அழாதமா. துட்டு வந்துரும்” என்று வைதேகியிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

கதவைத் தட்டாமல் மேலாளர் அறைக்குள் வந்தார். டேவிட் சார் பேச்சை நிறுத்தினார். தனலட்சுமி என்னைப் பார்த்து, “எனக்கு வந்த துட்டு அந்தம்மாவுதுதான மேடம்?” என்று கேட்டார்.

ஒரு வாடிக்கையாளரின் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். அதை மறைத்துவிட்டுக் கையெழுத்து வாங்க எனக்கு மனமில்லை. வந்த பணம் தவறுதலாக வந்தது, அதில் பெரும்பங்கைப் பாங்கு கடனுக்குப் பிடித்துவிட்டது, திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அதையும் திருப்ப வேண்டியிருக்கும், அப்போது நிலுவை பழையபடி உயிரோடு வந்துவிடும், வண்டிக்கு மறுபடி ஆள் வரலாம். ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன்.

தனலட்சுமி நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

“எங்க கையெய்த்து போடணும்?” என்றார்.

சம்மதக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ‘ர. தனலட்சுமி’ என்று தமிழில், எழுத்துக்கு எழுத்து அழுத்திப் போட்டார். பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“ஒண்ணு மட்டும் மேடம். நான்தான்னு அந்தம்மாகிட்ட சொல்லாதீங்க. கஸ்டத்துல கீறவங்க. கால்ல கீல்ல வுய்ந்துட்டா நான் இன்னா பண்றது?”

வெளியே போனவர் வைதேகியைக் கடந்து, நின்று, “உன் வூட்டுக்காரரு நல்லா ஆயிடுவாருமா” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். இறங்கும்போது அந்தக் காலைக் கொஞ்சம் தாங்கித்தான் வைத்தார்.

டேவிட் சார் சேர்த்த வரி

கையெழுத்து கிடைத்துவிட்டதால் கணக்கில் மிச்சமிருந்த பணத்தை அனுப்பத் தடையில்லை. கடனுக்குப் பிடித்த பங்குதான் சிக்கல். கடன் கணக்குகளை நடத்துவது வேறு ஊரிலிருந்த ஒரு மையம்.

டேவிட் சார் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்தன. “கடனுக்குள்ள போயிட்டா அது பாங்குப் பணம் மேடம். அதை வெளிய எடுக்க நாம யாரு?” என்றார்.

நான் சொன்னது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. “வந்த பணமே அவங்களுது இல்ல சார். அவங்களுது இல்லாத பணத்துல அவங்க கடனை நாம எப்படி வசூல் பண்ண முடியும்?”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மையத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவர், மண்டல அலுவலக அனுமதி வேண்டும், கடிதம் அனுப்புங்கள், ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்றார். நான் ரிசீவரை வாங்கி நோயாளியைப் பற்றிச் சொன்னேன். எனக்குப் புரிகிறது மேடம், ஆனால் நடைமுறை இதுதான் என்றார். இந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று என் காதில் விழுந்தபோது உடம்பு சூடானது.

என் மேசைக்குப் போய் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நடந்ததை நடந்தபடி சுருக்கமாக எழுதினேன். கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். இன்னாருடைய பணம் தவறுதலாக வந்தது என்பது தெரிந்தும், அது நாளைக் காலை ஓர் அறுவைச் சிகிச்சைக்குத் தேவை என்பது தெரிந்தும், அதை நம் பாங்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளும் என்று தங்கள் பெயரில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். அதை நான் வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அனுப்பும் முன்பு டேவிட் சாரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து, கீழே ஒரு வரி தட்டினார். ‘பணத்தைத் திருப்புமாறு பரிந்துரைக்கிறேன். இதற்கு நான் முழுப் பொறுப்பு.’ பெயரைப் போட்டு, அவரே அனுப்பும் பொத்தானை அழுத்தினார். அந்த மனிதர் அதற்கு முன் அப்படி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

அந்த வேண்டுகோளுக்கு யாரும் எழுத்து மூலம் பதில் தரவில்லை. எந்த மனிதரும் தன் பெயரில் அப்படி எழுதமாட்டார் என்று எனக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு வேளை முடிவதற்குள் மையத்திலிருந்து போன் வந்தது. கடனுக்குப் பிடித்ததைத் திருப்பிவிட்டோம், பாருங்கள் என்றார்கள். அதே ஆள்தான். குரல் இறங்கியிருந்தது. அவர் மேலும் நாலு பேரிடம் பேசி அனுமதி வாங்கியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நன்றி சொன்னேன்.

முழுப் பணத்தையும் வைதேகியின் கணக்குக்கே திருப்பி அனுப்பினோம். இந்த முறை எண்ணை நான் வாசிக்க, டேவிட் சார் தட்டினார். பிறகு அவர் வாசிக்க, நான் சரிபார்த்தேன்.

வைதேகி அதே நாற்காலியில் கைபேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தி வந்த சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது. எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். ராகவன் வெளியே ஆட்டோவில் காத்திருந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வயதை மறந்து படியில் ஓடினார்.

அறுவைச் சிகிச்சை மறுநாள் காலையில் நடந்தது. நன்றாக நடந்தது என்று ராகவன் போன் செய்தார். அதை டேவிட் சாரிடம் சொன்னேன். அன்று கிளையில் எல்லோருக்கும் காபி அவர் கணக்கில் வந்தது.

வண்டிக்கு ஆள் வந்தது

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை. அடுத்த வாரமே நான் பயந்தது நடந்தது. நிலுவை மறுபடி உயிரோடு வந்ததைப் பார்த்த வசூல்காரர்கள் நொச்சிக்குப்பத்துக்குப் போய், வண்டிச் சாவியைக் கேட்டு நின்றார்கள். தனலட்சுமி எனக்குப் போன் செய்தார். புகாராகச் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டால், ஐஸ் பெட்டியில் இருந்த மீனை இறக்கிக்கொள்ள விடுவார்களா என்று மட்டும் கேட்டார்.

நான் போனை அப்படியே டேவிட் சாரிடம் நீட்டினேன். அவர் அந்த ஆட்களில் ஒருவரைக் கூப்பிடச் சொல்லி, கிளை மேலாளர் பேசுகிறேன், வண்டியைத் தொடக்கூடாது, சாயங்காலத்துக்குள் எழுத்து மூலம் வரும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர்கள் திரும்பிப் போனார்கள்.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து தனலட்சுமியின் கடனை முதலிலிருந்து பார்த்தோம். அவர் ஏமாற்றவும் இல்லை, சோம்பியிருக்கவும் இல்லை. கடலுக்குப் படகு போகாத மாதத்திலும் மீன் வண்டிக்குத் தவணை வைத்தது நாங்கள். பணம் இல்லாத கணக்கில் திரும்பத் திரும்பக் கையை விட்டு, ஒவ்வொரு முறைக்கும் அபராதம் போட்டதும் நாங்கள்.

புதிதாக ஒரு திட்டம் எழுதினோம். தடைக்கால மாதங்களில் தவணை கிடையாது. மற்ற மாதங்களில் அதைப் பிரித்துச் சேர்த்துக்கொள்வது. அடிபட்டிருந்த நாட்களில் போட்ட அபராதங்களைத் திருப்பிக் கொடுப்பது. மண்டல அலுவலகம் இரண்டு முறை கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியது. திரும்பி வருவது எனக்குப் பழக்கம். மூன்றாம் முறை ஒப்புதல் வந்தது. நொச்சிக்குப்பத்தில் எங்கள் கிளையில் கடன் வாங்கியிருந்த மற்றவர்களும் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கும் அப்படியே மாற்றிக் கொடுத்தோம். அடுத்த தடைக்காலத்தில் அந்தக் கடன்களில் ஒன்றுகூட என் மேசைக்குத் திரும்பி வரவில்லை.

அதிகாரிகள் பலருக்குச் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கலாம். எனக்கு இது இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். கடையில் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அதற்குப் பிறகு, சந்தில் யாருக்காவது காசோலை திரும்பினாலும் பணம் மாட்டிக்கொண்டாலும், நம்ம மீனாட்சிகிட்ட கேட்டுட்டு அப்புறம் பேசு என்று சொல்ல ஆரம்பித்தார்.

நவராத்திரிப் பொட்டலம்

நவராத்திரி சமயத்தில் வைதேகி கணவரோடு வந்தார். அவர் மெலிந்திருந்தார், ஆனால் கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறினார். எனக்கும் டேவிட் சாருக்கும் பட்சணம் கொண்டுவந்திருந்தார்கள். மூன்றாவதாக ஒரு பொட்டலம் இருந்தது.

“அவா யாருன்னு நீங்க சொல்ல மாட்டேள்னு தெரியும். இதை மட்டும் சேர்த்துடுங்கோ. எங்காத்துல தினம் வெளக்கேத்தறச்சே அவாளையும் நெனச்சுக்கறேன்” என்றார்.

வைதேகி மீன் வாங்குகிறவர் இல்லை. தனலட்சுமி வீணை கேட்கப் போகிறவர் இல்லை. இரண்டு வீடுகளுக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான் என்றாலும், அவர்கள் மறுபடி சந்தித்துக்கொண்டதாக எனக்குத் தெரியாது. அன்று பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்ன பெண்மணி யார் என்று வைதேகி என்னிடம் கேட்கவும் இல்லை. பொட்டலத்தை நான் சேர்த்துவிட்டேன்.

கடைசித் தவணை

தனலட்சுமியின் கடன் முடிந்த நாளில் தடையில்லாச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். அன்றும் கனகாம்பரம். சான்றிதழை டேவிட் சார் தன் கையால் கொடுத்தார். அவருக்கும் அது ஓய்வு பெறும் மாதம்.

எல்லாம் முடிந்து என் மேசைக்கு வந்து உட்கார்ந்தபோது, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு வண்டி போய்விடலாம் என்று நான் சொன்ன பிறகும், அதற்கு என்ன வழி, எனக்கு என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?

தனலட்சுமி சான்றிதழை மடித்துப் பத்திரப்படுத்தினார்.

“கேட்டா நீங்க எதுனா சொல்லுவீங்க மேடம். நான் அதைப் பத்தி ரோசனை பண்ணிக்கினு நிப்பேன். நிக்க நிக்க மனசு மாறிடும். எனக்கும் அந்தத் துட்டு தேவையாத்தான கீது. அதான் கேக்கல.”

சொல்லிவிட்டு, வந்த காரியத்தைக் கேட்டார். மகளும் ஓட்டப் பழகிவிட்டாள், இரண்டாவதாக ஒரு வண்டி எடுத்தால் திருவான்மியூர் பக்கமும் மீன் போடலாம், கடன் கிடைக்குமா?

விண்ணப்பத்தை எடுத்து அவர் சொல்லச் சொல்ல நானே நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில், விண்ணப்பதாரரின் நாணயம் பற்றிக் கிளை அதிகாரி எழுதுவதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ‘திருப்திகரம்’ என்று ஒரே வார்த்தையில் எழுதி முடிப்பதுதான் எங்கள் வழக்கம். நான் எழுத ஆரம்பித்தேன். கட்டம் போதவில்லை. ஓரத்தில் எழுதினேன். அதுவும் போதாமல் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்.